வாடகைக்குப் போய்விட்ட பேஸ்மென்டில் எட்டு நாள்

டீ குடித்ததற்காக ஒருத்தியைக் கனடா வரை கூப்பிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது அதுதான். முப்பத்தைந்து வருடம் மதுரைத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகக் குப்பை கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சமத்துவக் குழுவோடு சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குப் போய் டீ குடித்தேன். முதலில் காலனிக்காரர் ஒருவர் போய் டீ கேட்பார். பத்து நிமிடம் கழித்து நான் போய்க் கேட்பேன். அவருக்கு எந்த டம்ளர், எனக்கு எந்த டம்ளர் என்று எழுதி வைப்போம். அவ்வளவுதான் வேலை. ஒரே நாளில் பதினான்கு டீ குடித்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் கிடந்ததும் உண்டு.

டொரண்டோவில் ஒரு தன்னார்வக் குழு இதையே வாடகை வீடுகளில் செய்கிறது. கறுப்பர் ஒருவர் போன் செய்து வீடு கேட்பார். பிறகு வேறொருவர் அதே வீட்டைக் கேட்பார். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் டீக்கடைக் கதையைக் கேள்விப்பட்டு, ஒரு வாரம் வந்து கூட வேலை செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுங்கள் என்று அழைத்தார்கள். விமான நிலையத்து அதிகாரி வந்த காரணம் கேட்டார். டீ பற்றிப் பேச என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே சிவபாலன் காத்திருந்தார். அந்தக் குழுவின் பழைய ஆள், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டில்தான் எனக்கு ஜாகை. நான் வழக்கம்போல "சார்" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, என்னைச் சார் எண்டு கூப்பிடாதேங்கோ. எனக்குப் பின்னாலை ஆரோ நிக்கினம் எண்டு திரும்பிப் பாக்க வேண்டிக் கிடக்கு," என்றார்.

ஸ்காபரோ போய்ச் சேரும்வரை தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அகதியாக வந்த புதிதில் நான்கு பேர் ஒரே அறையில் கிடந்தார்களாம். ஏழு இடத்தில் வீடு கேட்டுப் போனார்களாம். "வீடு வாடகைக்கு எண்டு போர்ட் தொங்கும் அக்கா. எங்கட முகத்தைக் கண்டவுடனை இப்பதான் போயிட்டுது எண்டுவினம். ஒருத்தன் போர்ட்டைக் கழட்டக்கூட இல்லை, எங்களைத்தான் கழட்டினவன். பிறகு இந்தக் குழுவிலை இருந்த டொரீன் அன்ரியின்ரை ஆக்கள் ஒரு வெள்ளைப் பெடியனை அனுப்பிக் கேட்டவை. அவனுக்கு வீடு இருந்தது! அதைப் பிடிச்சுக்கொண்டு சண்டை போட்டு எங்களுக்கு எடுத்துத் தந்தவை." எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

அக்டோபர் மாதத்து மூன்றாவது வாரம். வாசலுக்கு வாசல் பூசணிக்காய் வைத்திருந்தார்கள், கண்ணும் பல்லும் வெட்டி. எங்கள் ஊரில் திருஷ்டிக்கு நடுரோட்டில் உடைத்துப் பைக்காரர்களை வழுக்கிவிழச் செய்வோம். இங்கே சமர்த்தாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

சிவபாலனின் மனைவி வசந்தா என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். பேஸ்மென்ட் என்றதும் நான் இருட்டறையை நினைத்திருந்தேன். தனிக் கதவு, தனிச் சமையலறை, தரையோடு ஒட்டிய ஜன்னல் என்று லட்சணமாக இருந்தது. மாடியிலிருந்து இறங்கும் படியின் அடியிலும் ஒரு கதவு.

"ஆள் பாக்கிறம் அக்கா. போன ஆக்கள் சொந்த வீடு வாங்கி ஸ்ரௌவ்வில் எண்ட ஊருக்குப் போயிட்டினம். நல்ல ஆக்களாக் கிடைக்கோணும்," என்றார்.

'நல்ல ஆக்கள்' என்ற சொல் என் காதில் விழத்தான் செய்தது. மதுரையில் அதையே 'நல்ல குடும்பமா இருந்தா' என்போம். ஆனால் மேலே குழல்புட்டும் மீன்குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. ஆராய்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்று வசந்தா நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை சொல்லமாட்டாரா என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை தனியாகப் பஸ் ஏறினேன். இந்த ஊரில் வழி கேட்டால் டீக்கடை, புளியமரம் என்று ஒருவரும் சொல்வதில்லை. நோர்த்தில் போய் வெஸ்ட்டில் திரும்பு என்கிறார்கள், எல்லோரும் மாலுமிகள் போல. பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஜன்னல் ஓரமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடியது. பிடித்துக்கொள்ளத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டிங் என்றது. பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. புறப்பட்டது, குலுங்கியது, நான் பிடித்தேன், டிங். நான்காவது நிறுத்தத்தில் தலைப்பாகை கட்டிய ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, எல்லா நிறுத்தத்தையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வீர்களா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கறுப்பு மூதாட்டி, என் கையைக் கயிற்றிலிருந்து பிரித்துத் தன் கையோடு கோத்துக்கொண்டார். "என்னைப் பிடித்துக்கொள். நான் மணியடிக்க மாட்டேன்," என்றார். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் டீ குடிக்கிற பெண் நீதானா?" என்றார். டொரீன் எனக்கு அறிமுகமானது இப்படித்தான்.

டொரீன் ஜமைக்காவிலிருந்து இளம்வயதில் வந்தவர். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது வருடமாக இந்தச் சோதனை வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார். மத்தியானம் தன் டப்பாவைத் திறந்து தேங்காய்ப்பாலில் வேகவைத்த பயறுச் சோறும் காரக் கோழியும் பங்கு வைத்தார். காரம் மதுரைக்குப் பக்கத்தில் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"அப்போது மூஞ்சிக்கு நேராகச் சொல்வார்கள். எனக்கு அது வசதி. காலையில் நான்கு வீட்டில் திட்டு வாங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். இப்போது எல்லோருக்கும் மரியாதை வந்துவிட்டது. 'அடடா, இப்போதுதான் போனது, உங்கள் நாள் நல்ல நாளாக அமையட்டும்' என்கிறார்கள். என்னை வேண்டாம் என்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே இரண்டு ஆள், இரண்டு போன், ஒரு படிவம் தேவைப்படுகிறது. ஐம்பது வருட முன்னேற்றம் இதுதான்."

நான் எங்கள் ஊர் முன்னேற்றத்தைச் சொன்னேன். ஒரு கடையில் இரண்டு வகை டம்ளரும் போய்ப் பேப்பர் கப் வந்துவிட்டது என்று கேட்டு, மகிழ்ச்சியோடு பார்க்கப் போனோம். போனால் காலனிக்காரர்களுக்கு மட்டும்தான் பேப்பர் கப். சுகாதாரமாம். டொரீன் தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை கிறேஸ் வந்தார். கானாக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை, சீருடையோடு வந்திருந்தார். அவர் இருக்கும் வீட்டை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மகள் அமாவுக்கு ஒன்பது வயது. அதற்குள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். நான்காவது மாற்ற மாட்டேன் என்று கிறேஸ் பிடிவாதமாக இருந்தார். பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு தேடி, விளம்பரத்தில் இருந்த எண்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு நோட்டில் எழுதியிருந்தார். பதினொரு எண். பதினொன்றிலும் 'போய்விட்டது'.

"ஒரே வாரத்தில் பதினொன்றும் போய்விட்டதா? அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் என்னைத் தவிர எல்லோரும் அதிர்ஷ்டசாலிகள்," என்றார் கிறேஸ். சிரிக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விதிகள் கறாரானவை. முதலில் டொரீன் ஓர் அறையிலிருந்து கூப்பிடுவார். பிறகு நான் அடுத்த அறையிலிருந்து. ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியக்கூடாது. நடுவில் போனை வைக்கக்கூடாது. எங்கள் இருவருக்கும் கிறேஸின் விவரம்தான்: முதியோர் இல்லத்தில் வேலை, ஒரே மகள். டொரீனுக்கு ஒரு பெயர், எனக்கு 'சுகந்தி' என்று ஒரு பெயர். முப்பத்தெட்டு வயது. குரலில் இருபத்தைந்து வருடம் குறைப்பது பழைய ஆபரேட்டருக்குப் பெரிய காரியமில்லை.

ஆறாவது எண்ணைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில், பேஸ்மென்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"யேஸ் யேஸ், இருக்கு. யூ தமிழோ?"

என் காது முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கிய காது. அன்று காலையில் 'இன்னொரு இடியப்பம் வையுங்கோ அக்கா' என்று சொன்ன குரல் அது. வசந்தா! நான் தங்கியிருக்கும் வீட்டுக்கே நான் வீடு கேட்டுப் போன் செய்திருக்கிறேன். மதுரைத் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் குட்டு உடைந்துவிடும். நான்கு நாளில் பொறுக்கிய யாழ்ப்பாணத் தமிழை எடுத்து விட்டேன்.

"ஓம்."

"சிலோனிலை எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். மதுரையில் எங்க, எந்தத் தெரு, யார் வீடு என்று மூன்று படி இறங்கினால் சாதி வந்து நிற்கும். ஒரு மகாசமுத்திரம் தாண்டி வந்தும் படி அதே படிதான்.

"சாவகச்சேரி," என்றேன். சிவபாலன் காரில் வரும்போது சொன்ன ஏதோ ஒரு பெயர்.

"சாவகச்சேரியிலை எந்தப் பக்கம்?"

"கோயிலடி."

"எந்தக் கோயிலடி?"

"பிள்ளையார் கோயிலடி." பிள்ளையார் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

"ஓ, பிள்ளையார் கோயிலடியே!" குரல் இளகிவிட்டது. தனக்குப் பிடித்த ஏதோ ஒரு பிள்ளையாரின் பக்கத்தில் என்னைக் குடிவைத்துவிட்டார். "வீடு இருக்கு தங்கச்சி. தனிக் கதவு, தனிக் குசினி. இப்ப இந்தியாவிலையிருந்து ஒரு மனுசி வந்து நிக்கிறா. செவ்வாய்க்கிழமை போயிடுவா."

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு கேட்கவில்லை. "அவ எப்பிடி, நல்ல மனுசியோ?"

"நல்ல மனுசிதான். ஆனா வாய் ஓயாது. சாப்பாடும் பிழையில்லை, ரெண்டு ஆளின்ரை சாப்பாடு. நீர் நாளைக்குப் பின்னேரம் வந்து பாரும், என்ன?"

படிவங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். கிறேஸ் கூப்பிட்டபோது அந்தப் பேஸ்மென்ட் போய்விட்டது. டொரீன் கூப்பிட்டபோது, அன்று காலையில்தான் போய்விட்டது. நான் படுத்துக்கிடந்த வீடு ஒரே வாரத்தில் இரண்டு முறை வாடகைக்குப் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமலே. குறிப்பு என்ற கட்டத்தில் 'சோதிக்கப்பட்ட வீட்டில் சோதனையாளர் தங்கிச் சாப்பிடுகிறார்' என்று எழுதினேன். டொரீன் படித்துவிட்டு யார் வீடு என்றார். சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"சிவபாலனுக்கு முதல் வீடு கிடைத்தது ஒரு சோதனையால். அந்த வெள்ளைப் பையனை அனுப்பியதே நான்தான்," என்றார்.

நாளைக்குச் சுகந்திக்குப் பதிலாக கிறேஸை அனுப்பிவிட்டால் என்ன என்று குறுக்குவழி சொன்னேன். எனக்கு இந்த மாதிரி வேலைகள் இனிக்கும். டொரீன் கையை ஆட்டி மறுத்தார்.

"திருட்டுத்தனமாக நுழைந்த வீட்டில் பிள்ளை எப்படி நிம்மதியாகப் படிக்கும்? உன்னிடம் கேட்ட கேள்வியைக் கிறேஸிடமும் கேட்கட்டும். அது போதும். படிவத்தை மற்றப் படிவங்களோடு சேர்த்துவிடு."

"அப்புறம்?"

"சனிக்கிழமை படிவங்களைத் தொகுக்கிறவன் சிவபாலன். அப்புறம் அவன் பாடு."

வெள்ளிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. மத்தியானம் வசந்தா பேஸ்மென்டுக்கு வந்து தூசி உறிஞ்சும் மெஷினைப் போட்டார். "ஒரு பிள்ளை வீடு பாக்க வருது அக்கா. குறை நினையாதேங்கோ," என்று என் சேலைகளை அலமாரிக்குள் வைத்தார். பிறகு மேலே போய் வடை சுட்டார். சுகந்திக்காக. அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறதே என்று சின்னச் சின்னதாக வேறு.

நான்கு மணி, ஐந்து மணி என்று போனது. வாசலை வாசலைப் பார்த்தார். "வழி தெரியாமல் நிக்குதோ தெரியேல்லை" என்று கவலைப்பட்டார். கடைசியில் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் ஆறு வடை சாப்பிட்டேன்.

"என்னக்கா, சுகமில்லையோ? இண்டைக்கு நீங்கள் வாயே திறக்கேல்லை," என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லி வீட்டை மறுத்தவருக்கும், பொய் சொல்லி அதைக் கண்டுபிடித்தவளுக்கும் நடுவில் வடை மட்டும்தான் நேர்மையாக இருந்தது.

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் சிவபாலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவக் கட்டைப் பிரித்தார். நான் எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். முதல் படிவம், இரண்டாவது. "பாருங்கோ அக்கா, இந்தக் காலத்திலையும் எப்பிடிச் சனங்கள்!" என்று உச்சுக் கொட்டினார். ஆறாவது படிவம் வந்தது. எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கீழே, இரண்டாவது அழைப்பாளரின் குறிப்புகளை விரல் வைத்துப் படித்தார். நான் கடமை தவறாமல் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், வாய் ஓயாது என்பது உட்பட.

"வசந்தா, இஞ்சை ஒருக்கா வா."

வசந்தா கரண்டியோடு வந்தார். படித்தார். என்னைப் பார்த்தார்.

"பிள்ளையார் கோயிலடி... அது நீங்களே?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

"என்ரை வீட்டிலை இருந்துகொண்டு, என்ரை சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு! நான் அந்தப் பிள்ளை வரும் வரும் எண்டு வடை சுட்டு வைச்சுக்கொண்டு இருந்தனான்!"

"அதையும் நான்தான் சாப்பிட்டேன்," என்றேன். உண்மை சொல்ல ஆரம்பித்தால் முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

சிவபாலன் குரலை உயர்த்தினார். "டொரீன் அன்ரிக்கே வீடு இல்லை எண்டு சொன்னனியோ? ஏன் அப்பிடிச் சொன்னனி?"

கரண்டி அவர் பக்கம் திரும்பியது. "ஏனோ? ஆர் சொன்னது, எங்கட ஆக்களுக்குத்தான் குடுக்கோணும், மற்ற ஆக்கள் வேண்டாம், பிறகு கரைச்சல் எண்டு? போனைத் தூக்கி என்ரை கையிலை தந்தது ஆர்? நீங்கள் வெளியிலை போய்ச் சமத்துவம் கதைப்பீங்கள். பொய் மட்டும் நான் சொல்லோணும்."

மற்றப் படிவங்களுக்கு நடுவிலிருந்து அந்தப் படிவத்தை உருவினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்கும் டொரீனுக்கும் தவிர. சிவபாலனின் விரல் அதன் மேலேயே இருந்தது. கிறேஸுக்கு ஒரு வாரம்தான் மிச்சம் என்று மட்டும் சொன்னேன்.

வசந்தாவுக்கு என் மேல் கோபம் தீரவில்லை. "சரி, மதுரையிலை உங்கட வீட்டு மேல்மாடியிலை ஆர் இருக்கினம்? அதைச் சொல்லுங்கோ பாப்பம்!"

சுருக்கென்றது. என் மாடிப் போர்ஷனில் இன்றுவரை என் சாதிக்காரர்கள் மட்டும்தான் குடியிருந்திருக்கிறார்கள். நான் ஒருவரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லும் வேலையைப் புரோக்கர் பார்த்துக்கொள்கிறார். வடிகட்டி அனுப்பிய ஆட்களைப் பார்த்து, எல்லோரையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரான் டம்ளரையெல்லாம் எண்ணியவளுக்கு வீட்டு மாடி கண்ணில் படவில்லை. அதை அவர்கள் இருவரிடமும் அப்படியே சொன்னேன். சொல்லி முடித்தபோது தோசை ஆறியிருந்தது.

சிவபாலன் படிவத்தைக் கட்டோடு சேர்த்து வைத்தார். பிறகு கிறேஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். வசந்தா அதைப் பிடுங்கினார்.

"நான் சொன்ன பொய், நான்தான் எடுக்கோணும்."

தன் ஆங்கிலத்தில் நேராகவே சொன்னார். மேடம், வீடு இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது, நான் பொய் சொன்னேன். மறுமுனையில் நீண்ட அமைதி. நூறு வகை அமைதியைக் கேட்டவள் நான், அது எந்த வகை என்று தெரியவில்லை. கடைசியில் கிறேஸ், திங்கட்கிழமை வேலை முடிந்து வருவதாகவும், பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பின்வரிசையில் மீனைச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் தேநீரும். ஏழு கதவுக் கதையைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள் போல. சிவபாலன் மேடையேறி அந்தக் கதையைச் சொல்லவில்லை. இந்த வாரம் சோதித்த எண்களில் ஒன்று எங்கள் வீட்டு எண், நாங்கள் கறுப்பருக்கு வீடு இல்லை என்று சொன்னோம் என்றார். எல்லோரும் ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார். இப்போது ரோல்ஸ் கடிக்கிற சத்தம்கூட இல்லை. டொரீன் மட்டும் நோட்டைப் புரட்டி, "குறித்துக்கொண்டேன். அடுத்தவர்?" என்றார். அடுத்தது நான். டீக்கடையைச் சுருக்கி, என் மாடிப் போர்ஷனை விரித்துப் பேசினேன். கைதட்டல் அளவோடுதான் இருந்தது.

திங்கட்கிழமை மாலை கிறேஸ் அமாவோடு வந்தார். வசந்தா காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. தட்டு நிறைய மீன் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

"கானாவிலை எவடம் எண்டு கேளுங்கோ."

"குமாசி," என்றார் கிறேஸ்.

"குமாசியிலை எவ..." மூன்றாவது படிக்குப் போகும் முன்பே வசந்தா நிறுத்திக்கொண்டார். "உது தேவையில்லை," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

கிறேஸ் குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். புகை மணியை அழுத்தி அலறவிட்டார். அமா ரோல்ஸ் பக்கம் கையை நீட்டினாள். "வேண்டாம், அமா," என்றார் தாய். கை திரும்பிப் போயிற்று. வசந்தா அதைப் பார்த்தார். 'கொஞ்சம் சாப்பிடட்டும்' என்று வாய்வரை வந்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

கடைசியாகக் கிறேஸ், மாடிப்படியின் அடியில் இருந்த கதவுக்கு வந்தார். இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் நினைத்தால் வரலாம், நான் நினைத்தால் தடுக்க முடியாது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவசரமில்லாமல் சொன்னார். "இவர்களிடம் சொல்லுங்கள். இவர்கள் நல்லவர்கள் என்பதற்காக நான் வரவில்லை. மன்னித்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம், அதற்கு நாளாகும். அமாவின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது. தாழ்ப்பாளை என் பக்கம் மாற்றிக்கொடுத்தால் முதலாம் தேதி வருகிறேன்."

என் வாழ்நாளில் கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொன்னது அன்றுதான். சிவபாலன் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தா கதவருகே போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லுறா," என்றார்.

அவர்கள் போனதும் சிவபாலன் திருப்புளியைத் தேடி எடுத்துவந்தார். தாழ்ப்பாள் பெயிண்டோடு ஒட்டிக்கிடந்தது, லேசில் வரவில்லை. வசந்தா கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, "உது கோணல், உதைக் கொஞ்சம் மேலை ஏத்துங்கோ," என்று அதட்டினார். கழற்றிய இடத்தில் நான்கு ஓட்டை தெரிந்தது. மறுபக்கம் பொருத்தி முடித்ததும் இருவரும் படிப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பேஸ்மென்டுக்குள் போகச் சொன்னார்கள்.

"அக்கா, உள்ளுக்கை தாழ்ப்பாளைக் கொழுவிப் பாருங்கோ," என்றார் வசந்தா.

கொழுவினேன். மறுபக்கத்திலிருந்து அவர் கதவைத் தள்ளினார். கைப்பிடியைத் திருகித் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்து, முழுப் பலத்தோடு ஒரு முறை தள்ளினார்.

"திறபடேல்லை," என்றார், தன் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. "போதும்."